7. பூட்டுக்கு உள்ளே பாதிப் பாடம்: சிறைவாசிகளின் தோட்டப் பயிற்சிக்குப் பணம் திரட்டுவது

எறையூரில் சிறை கிடையாது. வேப்பந்தட்டை வட்டத்து எறையூரைச் சொல்கிறேன். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூர் வேறு. இங்கே இருப்பவை பெரம்பலூர் சர்க்கரை ஆலை, 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட சிப்காட் தொழிற்பூங்கா, சுற்றிலும் மக்காச்சோளக் காடுகள், சின்ன வெங்காய வயல்கள். அப்படியிருக்க, சிறைப் பயிற்சி பற்றிய அத்தியாயத்தை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பயிற்சி முடித்து வெளியே வருகிறவருக்குச் சம்பளம் கொடுக்கக்கூடிய வாசல் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சிறைப் பயிற்சிக்கு நிதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிறைக்குள்ளேயே தொடங்கி சிறைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை மண்வெட்டி, கடைசியில் சான்றிதழ் வழங்கும் விழா. நீங்கள் எழுதும்போது வேலையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெறும் பெரிய தொழிற்சாலைகளுக்கு, வளாகத்தில் ஏறக்குறைய 33 விழுக்காட்டில் மரம் வளர்த்துப் பசுமை வளையமாகப் பராமரிக்க வேண்டும் என்பது வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனை. அரியலூரில் ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு, அரசின் டான்செம் என்று சிமெண்ட் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. சுண்ணாம்புக்கல் தோண்டி முடித்த சுரங்கத்தைச் சீர்படுத்திச் செடி நட வேண்டிய பொறுப்பும் சுரங்கக்காரர்களுக்கு உண்டு. பெரம்பலூர் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. இந்த வளாகங்களில் நட்டதைக் காப்பாற்ற ஆள் வேண்டும், ஒரு நாளைக்கல்ல, வருடம் முழுவதும். உங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இந்த வேலைதான்.

எந்தச் சிறை, எந்த ஆள்

பெரம்பலூர், அரியலூர் பகுதியில் இருப்பவை கிளைச் சிறைகள். விசாரணைச் சிறைவாசிகள் சில நாட்களோ சில வாரங்களோ இருந்துவிட்டு ஜாமீனில் போவார்கள், அல்லது மாற்றப்படுவார்கள். அங்கே மூன்று மாதப் பாடம் நடத்த நினைப்பது வீண். மத்திய சிறை திருச்சியில். பெண்களுக்கான தனிச்சிறையும் திருச்சியிலேயே இருக்கிறது. கடிதம் அங்கே போகட்டும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைச் சிறைவாசிகள். பெரிய எண்ணிக்கையைக் காட்டி நிதி கேட்பவர்கள் இவர்களையும் சேர்த்துக்கொள்வதுண்டு. நான் சேர்க்கமாட்டேன். தண்டனை பெற்று, இன்னும் 6 முதல் 12 மாதத்தில் விடுதலையாகக் கூடியவர்கள், வெளியே வந்ததும் பெரம்பலூர், அரியலூர், திருச்சி மாவட்டங்களில் தங்கப் போகிறவர்கள் என்று கேளுங்கள். சிறையின் நல அலுவலரிடம் பேசினால் இந்தப் பட்டியல் எவ்வளவு சிறியது என்பது தெரிந்துவிடும். 20 பேர் கிடைத்தால் நல்ல அணி. 100 பேர் என்று எழுதித் தரும் விண்ணப்பத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஏற்கெனவே நடப்பதற்கு மறுபடியும் பணம் கேட்காதீர்கள். திருச்சி மத்திய சிறைக்குச் சொந்தப் பண்ணை உண்டு, தொழிற்பயிற்சி நிலையம் உண்டு, சிறைவாசிகள் செய்ததையும் விளைவித்ததையும் விற்கும் அங்காடியும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பில் 2013இல் திறக்கப்பட்ட திறந்தவெளிச் சிறையில், நன்னடத்தையுள்ள சிறைவாசிகள் 80 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் விவசாயம் பார்க்கிறார்கள். வேப்பந்தட்டையிலிருந்து உள்ளே போனவருக்கு வெங்காயம் நடவும் பருத்திக்குக் களை வெட்டவும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாதது தொழிற்சாலை வளாகத்துத் தோட்டம்: புல்தரை, வேலிச்செடி, சொட்டுநீர்க் குழாய், மரக்கவாத்து, புல் வெட்டும் இயந்திரம். விவசாயக் கூலியும் வளாகத் தோட்டக்காரர் சம்பளமும் பிரிவது இந்த இடத்தில்தான். நிதியும் இதற்குத்தான் வேண்டும்.

உள்ளே சொல்லித்தர முடிந்ததும் முடியாததும்

சொட்டுநீர்க் குழாயை எடுத்துக்கொள்வோம். அரியலூர்ப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சில மாதங்களில் சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்; வரிசையின் கடைசியில் நிற்கும் செடி காயும். அனுபவமில்லாதவர் செடியில் நோய் என்று மருந்து தெளிப்பார். தெரிந்தவர் குழாயின் நுனியைக் கழற்றித் தண்ணீரை ஓடவிட்டு அலசுவார், பிறகு அமிலத்தைத் தண்ணீரில் கலந்து குழாயில் செலுத்தி, ஊறவிட்டு, அலசி வெளியேற்றுவார். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே போகக் கூடாது. இதைச் செய்துகாட்டித்தான் பழக்க முடியும்.

ஆனால் சிறைக்குள் அமிலம் போகாது. பெட்ரோலும் போகாது; புல் வெட்டும் பிரஷ் கட்டர் பெட்ரோலில் ஓடுவது, இரண்டு ஸ்ட்ரோக் என்றால் எண்ணெயும் அளந்து கலக்க வேண்டும். மரத்தில் ஏறிக் கவாத்து செய்ய ஏணியும் கயிறும் வேண்டும். சிறைச் சுவருக்கு அருகே ஏணியையும் கயிற்றையும் எந்தக் கண்காணிப்பாளர் அனுமதிப்பார்? அனுமதிக்கவும் கூடாது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஆகவே பாடத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். உள்ளே நாற்றங்கால், மண்கலவை, பதியன், ஒட்டு, புல்தரை போடுவது, செடி அடையாளம், பூச்சி, அளவெடுத்துத் தோட்டத்துக்கு வரைபடம் போடுவது, சொட்டுநீர் இணைப்பு வரை. வெளியே இயந்திரம், அமிலம், உயரத்து வேலை, தெளிப்பான், மேற்பார்வையாளரிடம் தினக்குறிப்பு எழுதிக் கொடுப்பது. உள்ளே நடப்பது பாதிப் பாடம் என்பதை நிதி தருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வரும் ஆளைத் தொழிற்சாலைத் தோட்ட மேஸ்திரி முதல் நாளே எடைபோட்டுவிடுவார். பிரஷ் கட்டரைக் கையில் கொடுத்தால் போதும்.

உள்ளே நேரமும் சுருங்கும். லாக்கப் திறப்பு, கணக்கெடுப்பு, சாப்பாடு, உறவினர் பார்க்க வரும் மனு நாள், நீதிமன்றம் போகும் நாள் எல்லாம் போக ஒரு நாளைக்கு 4 மணி நேரம் கிடைத்தால் அதிகம். 200 மணி நேரப் பாடம் என்று வைத்தால் 50 வேலை நாட்கள். நடைமுறையில் மூன்று மாதம். ஒவ்வொரு கத்திரிக்கும் கொத்துக்கும் எண் பொறித்து, சுவர்ப் பலகையில் அதன் உருவத்தை வரைந்து, அந்த இடத்திலேயே மாட்டி வையுங்கள். மாலையில் ஒரு கத்திரி குறைந்தாலும் வெறும் பலகை காட்டிக்கொடுத்துவிடும். வார்டருக்குத் தலைவலி குறையும், உங்களுக்கும் அடுத்த அணி கிடைக்கும். கருவிகளைப் பணமாகத் தராதீர்கள். பொருளாகக் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

கற்றுத்தர வெளியூர் நிபுணரைத் தேட வேண்டாம். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்திலும் அரியலூருக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள். மண்கலவைக்கு எறையூர் ஆலையின் கழிவுச்சேறு, அதாவது பிரஸ் மட், நன்றாக மக்கியிருந்தால் அருமையான உரம். மக்காததைத் தொட்டியில் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும்.

10 லட்சத்தை எப்படிப் பிரிப்பது

20 பேர் அணிக்கு 10 லட்சம் ரூபாய் திரட்டுவதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக எடுத்த தொகைதான், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதில் சிறைக்குள் நடக்கும் பயிற்சிக்கு 3 லட்சத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள்: பயிற்றுநர் ஊதியம், பயணம், நிழல்வலை, குழித்தட்டு, கருவி, தேர்வுக் கட்டணம். ஒருங்கிணைப்பாளருக்கு 1 லட்சம், எதிர்பாராததற்கு 50,000. மீதி ஐந்தரை லட்சமும் சிறை வாசலுக்கு வெளியே.

அந்த ஐந்தரை லட்சம் ஆளுக்கு 27,500 வரும். முதல் மாதச் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் 9,000, அறை முன்பணத்துக்கு 5,000, கருவிப் பைக்கு 6,000, ஆதார், வங்கிக் கணக்கு, பேருந்துக்கு 1,500, பாதுகாப்புக் காலணிக்கும் கையுறைக்கும் 1,500, வெளியே நடக்கும் இயந்திரப் பயிற்சிக்கு 4,500. முதல் மாதத் தொகையைத்தான் நிதி தருகிறவர்கள் முதலில் அடிப்பார்கள். "அதான் சம்பளம் வருமே" என்பார்கள். சம்பளம் வேலை செய்த மாதம் முடிந்து அடுத்த மாதம் 7ஆம் தேதியோ 10ஆம் தேதியோ வரும். ஒப்பந்ததாரர் வழியாக வந்தால் இன்னும் தள்ளும். அந்த 40 நாளில் கையில் காசில்லாதவர் பழைய கூட்டாளியிடம்தான் போய் நிற்பார். அந்த வரியை விட்டுக்கொடுக்காதீர்கள். வேண்டுமானால் நிழல்வலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

விடுதலைக்குப் பிறகும் கைகொடுக்கும் இந்த ஏற்பாடு புதிதல்ல. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் அந்நகரத் தோட்டக்கலைச் சங்கம் 1990களில் தொடங்கிய கிரீன்ஹவுஸ் திட்டம், விடுதலையானவர்களைக் கூலியோடு நகரத் தோட்டங்களில் வேலை பழகவைக்கும் இன்னொரு குழுவையும் வைத்துக்கொண்டது. உள்ளே பயிர் செய்ததைவிட இந்த இரண்டாவது படியைப் பார்த்துத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

யாரிடம் கேட்பது

முதலில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, ஊர் வழக்கில் சி.எஸ்.ஆர். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். தொழில்திறன் பயிற்சியும் வாழ்வாதார மேம்பாடும் அதன் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்பதும் சட்டத்திலேயே உண்டு.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுவது. "உங்கள் பசுமை வளையத்தில் எங்கள் ஆட்கள் மரம் நடுவார்கள், சி.எஸ்.ஆர். பணத்தில் கூலி கொடுங்கள்" என்று கேட்பார்கள். பசுமை வளையம் நிறுவனத்துக்குச் சட்டப்படி விதிக்கப்பட்ட கடமை. சட்டக் கடமையை நிறைவேற்றச் செய்யும் செலவு சி.எஸ்.ஆர். கணக்கில் வராது. தணிக்கையாளர் அடித்துவிடுவார், அடுத்த வருடம் உங்கள் தொலைபேசியையே எடுக்கமாட்டார்கள். ஆகவே ஒரே நிறுவனத்தில் இரண்டு மேசைகளுக்குப் போங்கள். பயிற்சிக்கும் முதல் மாத உதவிக்கும் சி.எஸ்.ஆர். மேசை. வளாகத்தில் வேலைக்கும் சம்பளத்துக்கும் சுற்றுச்சூழல் அல்லது நிர்வாகப் பிரிவு. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள்.

நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று உங்கள் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை வெட்ட வருவார்கள். அந்த வரம்பு நிறுவனத்தின் பொது நிர்வாகச் செலவுக்கானது. ஒரு திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் அடங்காது. 2021இல் திருத்திய விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகச் சொல்லுங்கள். உங்கள் அமைப்புக்கு 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்.-1 பதிவுகள் இல்லையென்றால், அவை உள்ள அமைப்பொன்றின் பேரில் விண்ணப்பியுங்கள். புதிதாகப் பதிந்து காத்திருப்பதைவிட அது மேல்.

காலம் முக்கியம். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் அவசரத்தில் வரும் பணத்தை வைத்துக் கோடையில் எதை நடுவது? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும்போது வேம்பு, புங்கன், பூவரசுக் கன்றுகள் இடுப்பளவு நிற்க வேண்டுமென்றால் நாற்றங்கால் ஜூனுக்குள் ஓட வேண்டும். ஆகவே டிசம்பரிலேயே பேச்சைத் தொடங்குங்கள். திட்டத்தை "தொடர் திட்டம்" என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு அறிவிக்கும்படி கேளுங்கள். அப்போது செலவழியாத தொகையைத் தனிக் கணக்கில் வைத்து அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். சிறையில் எல்லாமே தாமதமாகும் என்பதால் இந்த ஒரு வார்த்தை உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது மாவட்ட கனிம அறக்கட்டளை. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்தது. ஆட்சியர் தலைமையில் நடக்கிறது. சுரங்கக்காரர்கள் உரிமத்தொகையோடு கூடுதலாகக் கட்டும் பணம் இதில் சேர்கிறது. சுண்ணாம்புக்கல் நிறைந்த அரியலூருக்கு இது பொருந்தும். திறன் மேம்பாடு இதன் முன்னுரிமை இனங்களில் ஒன்று. ஆனால் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்கும் மக்களுக்குமே. ஆகவே உங்கள் அணியில் அந்தக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அவர்கள் பங்குக்கு மட்டும் கேளுங்கள்.

அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் வேளாண் திறன் குழுமத்தின் தோட்டக்காரர் பாடத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும், அது பயனுள்ளது. ஆனால் அவற்றின் பணப் பட்டுவாடா சிறைக்காக வடிவமைத்ததல்ல. மத்திய அரசின் 2015 பொதுச் செலவு நெறிகளில் தொடக்கத்தில் 30, சான்றிதழ் பெற்றதும் 50, வேலை கிடைத்ததும் 20 விழுக்காடு என்று தவணை வகுத்திருந்தார்கள். உங்கள் ஆள் தேர்வுக்கு முந்தின வாரம் வேறு சிறைக்கு மாற்றப்பட்டால் இடைநின்றவர் கணக்கு. சான்றிதழ் பெற்றும் விடுதலைக்கு எட்டு மாதம் இருந்தால் அந்த முறையில் கடைசி 20 வராது. இந்தத் திட்டத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இலவசமாகவே குறுகிய பயிற்சி தருகின்றன. நாற்றங்கால் தொழில் தொடங்க நினைக்கும் பெண்களுக்கு விடுதலைக்குப் பிறகு அங்கே இடம் கேட்பதும் ஊர் மகளிர் குழுவில் சேர்த்துவிடுவதும் நல்ல வழி.

கூலியும் மரியாதையும்

தண்டனைச் சிறைவாசி செய்யும் வேலைக்கு நியாயமான கூலி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் குஜராத் வழக்கில் சொன்னது. உங்கள் பயிற்சி வேலை நேரத்தைச் சாப்பிட்டால் அவருடைய கூலி போகும், வீட்டுக்கு அனுப்பும் பணம் குறையும். அதைக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே பேசி, பயிற்சி நாளையும் வேலை நாளாகக் கருத முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அந்த இழப்பையும் நிதிக் கணக்கில் போடுங்கள்.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குப்பை அள்ளுவதும் எருக்குழி கிளறுவதும் தோட்டப் பாடத்தில் உண்டு. அவை யார் கையில் விழுகின்றன என்று பாருங்கள். முறை வைத்து எல்லோரும் செய்ய வேண்டும், பயிற்றுநர் உட்பட.

வாசலுக்கு வெளியே

ஒப்பந்ததாரரிடம் பேசினால் பேச்சு இப்படித்தான் போகும்: "ஆள் வேணும்ணே, இல்லேங்கல. ஆனா கேஸ் இருக்கிற ஆளுன்னா செக்யூரிட்டி கேட்லயே நிறுத்திருவான். போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்பான்ணே." அவர் சொல்வது சரிதான். சான்றில் தண்டனை தெரியும், தெரியாமல் மறைக்க முயலாதீர்கள். ஆலையின் மனிதவளப் பிரிவிடம், பயிற்சி தொடங்கும் முன்பே, இன்னின்ன வகைக் குற்றத்தில் தண்டனை முடித்தவர்களைத் தோட்ட வேலைக்கு எடுப்போம் என்று ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். கடிதம் தராத ஆலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் பயிற்சிக்குப் பணம் திரட்டாதீர்கள்.

விடுதலைத் தேதியையும் நம்ப முடியாது. தண்டனைக் குறைப்பு, விடுப்பு, மேல்முறையீடு எல்லாம் தேதியை முன்னும் பின்னும் தள்ளும். 2021இல் அண்ணா பிறந்தநாளையொட்டி ஆயுள் தண்டனைச் சிறைவாசிகள் 700 பேரை முன்கூட்டியே விடுவிப்பதாக அரசு அறிவித்ததுபோல் திடீரென வருவதும் உண்டு. நன்றிக் கடிதமும் காசோலையும் தயாராகி, அறங்காவலர் குழு கூடி, இரண்டு கையெழுத்து விழுவதற்குள் ஆள் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் தனியாக நிற்பார். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதியை எழுதிச் சேர்த்துவிடுங்கள்: சிறை வாசலில் வரவேற்கும் ஒருங்கிணைப்பாளர், ஆளுக்கு 15,000 ரூபாய் வரை, யார் முன்னனுமதியும் இல்லாமல் அன்றைக்கே செலவிடலாம், ரசீதை ஏழு நாளுக்குள் ஒப்படைத்தால் போதும். பாதுகாப்புக் காலணியின் அளவை மட்டும் பயிற்சியின்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.